அமெரிக்கச் சந்தை திறந்தது... ஆப்பிரிக்க விவசாயிக்கு என்ன கிடைத்தது?

கடலூர் மாவட்டத்து முந்திரி விவசாயிகள் ஒவ்வொரு சித்திரையிலும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், நம்ம கொட்டை களத்துக்கு வர்ற நேரத்திலதான் ஆப்பிரிக்காக் கொட்டையும் கப்பல்ல வந்து இறங்குது. இவ்வளவு முந்திரி விளையுற ஊர்ல அவங்களே உடைச்சு, பருப்பாக்கி, அமெரிக்காவுக்கு வித்தா நல்ல காசு கிடைக்குமே? ஏன் கொட்டையாவே நமக்கு அனுப்புறாங்க?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடிப்போனால், 25 ஆண்டுகளாக அமெரிக்கக் கம்பெனிகளும் ஆப்பிரிக்க நாடுகளும் நடத்திவரும் வியாபாரத்தின் மொத்தக் கதையும் வந்து நிற்கிறது. அது எங்கோ நடக்கும் கதை அல்ல. பெரிய நாட்டுச் சந்தையை நம்பிச் சாகுபடி செய்யும் எந்தச் சிறு விவசாயிக்கும் அதில் பாடம் இருக்கிறது. 2025-ல் அமெரிக்கா வரியை உயர்த்தியபோது நம் திருப்பூரும், இறால் பண்ணைகளும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்.

‘அகோவா’ என்ற சட்டம்

2000-ம் ஆண்டு மே 18 அன்று, அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ‘ஆப்பிரிக்க வளர்ச்சி, வாய்ப்புச் சட்டம்’ என்பது அதன் பொருள். ஆங்கிலச் சுருக்கத்தில் ‘அகோவா’ என்று சொல்வார்கள். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் சரக்கை வரி கட்டாமல் அமெரிக்காவில் விற்கலாம் என்பதுதான் இதன் சாரம். துணிமணி, பழங்கள், பருப்புகள், வாகனங்கள் என்று ஆயிரக்கணக்கான பொருள்கள் பட்டியலில் இருந்தன.

“உதவி வேண்டாம், வியாபாரம் கொடுங்கள்” என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் பல காலமாகக் கேட்டு வந்ததற்குக் கிடைத்த பதில் இது என்று அன்று பேசப்பட்டது. சட்டம் முதலில் 2008 வரைக்கும்தான் போடப்பட்டது. பிறகு 2015 வரை நீட்டினார்கள். 2015-ல் இன்னும் 10 ஆண்டுகள் நீட்டினார்கள்.

ஆனால் இது இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசிப் போட்ட ஒப்பந்தம் அல்ல. அமெரிக்காவே தன் நாடாளுமன்றத்தில் போட்டுக்கொண்ட சட்டம். கொடுப்பதும் அவர்கள் கையில், நிறுத்துவதும் அவர்கள் கையில். எந்த நாட்டுக்குச் சலுகை, எந்த நாட்டுக்கு இல்லை என்று ஆண்டுதோறும் அமெரிக்க ஜனாதிபதி முடிவு செய்வார். பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

யாருக்கு எவ்வளவு?

சட்டம் வந்த முதல் பத்தாண்டுகளில் இந்த வழியாக அமெரிக்கா போன சரக்கில் பெரும்பங்கு கச்சா எண்ணெய். நைஜீரியா, அங்கோலா நாடுகளின் எண்ணெய்க் கிணறுகளுக்கும் வயலில் நிற்கும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த பெரிய பங்கு தென்னாப்பிரிக்காவில் அமைந்த கார் தொழிற்சாலைகளுக்குப் போனது.

சாதாரண மக்களுக்கு நேரடியாகக் கிடைத்த பெரிய நன்மை தையல் வேலைதான். லெசோதோ என்ற குட்டி நாடு தென்னாப்பிரிக்காவின் நடுவே மலை மேல் இருக்கிறது. நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஜீன்ஸ் தைத்தார்கள். பருத்திக் கால்சட்டைக்கு அமெரிக்காவில் சுமார் 16 சதவீதம் வரி உண்டு. அந்த வரி இல்லை என்றால், அமெரிக்க வியாபாரி லெசோதோவைத் தேடி வருவான். கென்யா, மடகாஸ்கர் நாடுகளிலும் இப்படித்தான் ஆலைகள் வளர்ந்தன.

ஆனால் பருத்தி விவசாயிக்கு? ஏழை நாடுகள் எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும் துணியை வாங்கித் தைத்து அனுப்பலாம் என்று சட்டத்தில் விதி வைத்தார்கள். வேலைவாய்ப்புக்கு அது நல்லதுதான். ஆனால் வெட்டித் தைத்த துணியில் பெரும்பகுதி ஆசியாவிலிருந்து வந்தது. மாலி, பெனின், புர்கினா ஃபாசோ நாடுகளில் பருத்தி விளைகிறது. அந்த விவசாயிகள் பஞ்சை அப்படியே பேலாகக் கட்டி வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நூற்பாலையும் நெசவும் வரவில்லை. போதாக்குறைக்கு, அமெரிக்க அரசு தன் நாட்டுப் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுத்த மானியத்தால் உலகச் சந்தையில் விலை படுத்தது. 2003-ல் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய 4 நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. ஒரு கையால் வரிச்சலுகை, இன்னொரு கையால் விலைச்சரிவு.

ஒரே நாளில் சாத்தப்பட்ட கதவுகள்

2009-ல் மடகாஸ்கரில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. 2010 ஜனவரி முதல் அந்த நாட்டுக்கு அமெரிக்கா சலுகையை நிறுத்தியது. ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் யாரோ, வேலை இழந்தவர்கள் தையல் ஆலைப் பெண்கள். சலுகை திரும்பக் கிடைத்தது 2014-ல்தான்.

ருவாண்டா கதை வேறு மாதிரி. அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய துணிகளால் உள்ளூர்த் தையல்காரர்களுக்கு வேலை இல்லை என்று, 2016-ல் அந்த நாடு பழைய துணிக்கான வரியை கிலோவுக்கு 20 சென்டிலிருந்து 2.50 டாலராக உயர்த்தியது. அமெரிக்கப் பழைய துணி வியாபாரிகள் புகார் கொடுத்தார்கள். 2018 ஜூலையில் ருவாண்டா ஆடைகளுக்கான சலுகை நிறுத்தப்பட்டது. பக்கத்து நாடுகள் பயந்து பின்வாங்கின. ருவாண்டா மட்டும் நின்றது.

எத்தியோப்பியாவில் உள்நாட்டுப் போர் மூண்டதால் 2022 ஜனவரி 1 முதல் அங்கும் சலுகை போயிற்று. அதற்கு முன்பே, ஹவாசா தொழிற்பூங்காவில் ஆலை வைத்திருந்த பெரிய அமெரிக்க ஆடைக் கம்பெனி ஒன்று மூடிவிட்டுக் கிளம்பிவிட்டது.

கடைசியாக 2025. ஏப்ரலில் அமெரிக்கா பெரும்பாலான நாடுகள் மேல் புதுவரி அறிவித்தபோது, லெசோதோவுக்கு 50 சதவீதம் என்றார்கள். பட்டியலிலேயே அதிகமான வரிகளில் ஒன்று. பிறகு அது 15 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ஆர்டர்கள் நின்றன. வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காரணம் காட்டி, அந்த நாட்டு அரசு ஜூலையில் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தது. மழையோ வறட்சியோ அல்ல, வேலையின்மையே பேரிடர்! செப்டம்பர் 30 அன்று அகோவா சட்டத்தின் ஆயுளும் முடிந்தது. குறித்த நாளுக்குள் அதைப் புதுப்பிக்கவில்லை.

ஆரஞ்சுப் பழமும் கோழிக்காலும்

தென்னாப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் சிட்ரஸ்டால் என்று ஓர் ஊர். பெயரிலேயே ஆரஞ்சு இருக்கிறது. அமெரிக்காவில் கோடைகாலம் வரும்போது இங்கே அறுவடை. அமெரிக்கத் தோட்டங்களில் பழம் குறைந்த சமயம் பார்த்து இவர்கள் பழம் போய் இறங்கும். பருவம் மாறி விளைவதுதான் இவர்களுடைய பலம்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் எல்லா ஊர்ப் பழமும் அமெரிக்கா போக முடியாது. கரும்புள்ளி நோய் இல்லாத பகுதி என்று சான்று பெற்ற இடங்களின் பழம் மட்டுமே போகும். நம் மாம்பழத்துக்கும் இதே கதைதான். பழ ஈ, வண்டு பயத்தால் பல ஆண்டுகள் அமெரிக்கா நம் மாம்பழத்தை விடவில்லை. கதிர்வீச்சு முறையில் சுத்திகரித்த பிறகே 2007-ல் அனுமதி கிடைத்தது. வரியைக் குறைத்தாலும், பூச்சி நோய்ச் சான்று இல்லாவிட்டால் பெட்டி துறைமுகத்தைத் தாண்டாது.

இந்த ஆரஞ்சுக்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? கோழி. அமெரிக்கர்கள் கோழியின் நெஞ்சுக்கறியை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கால் பகுதி மிஞ்சுகிறது. மிஞ்சியதை மலிவு விலையில் ஏற்றுமதி செய்கிறார்கள். அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று சொல்லி, 2000-ல் தென்னாப்பிரிக்கா அதற்குக் கூடுதல் வரி போட்டது. 2015-ல் அகோவாவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, கோழி வளர்க்கும் மாநிலங்களின் அமெரிக்க செனட்டர்கள் கிடுக்கிப்பிடி போட்டார்கள். “எங்கள் கோழியை விடாவிட்டால் உங்களுக்குச் சலுகை இல்லை.” அந்த ஆண்டு ஜூனில் பாரிஸில் பேச்சுவார்த்தை நடந்தது. ஆண்டுக்கு 65,000 டன் அமெரிக்கக் கோழியைக் கூடுதல் வரியில்லாமல் விட தென்னாப்பிரிக்கா சம்மதித்தது. ஆரஞ்சும் திராட்சை மதுவும் காரும் தப்பின. பாரத்தில் ஒரு பங்கு கோழிப் பண்ணைக்காரர் தலையில் ஏறியது.

நாமக்கல், பல்லடம் பண்ணையாளர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பறவைக் காய்ச்சலைக் காட்டி நாம் போட்டிருந்த தடையை எதிர்த்து அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2015 ஜூனில் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. இன்றும் நம் பண்ணைகளுக்குப் பாதுகாப்பாக நிற்பது கோழிக்கால் மீதான உயர்ந்த இறக்குமதி வரிதான். ‘வர்த்தக ஒப்பந்தம்’ என்று செய்தித்தாளில் வரும்போது, எந்தப் பொருளுக்கு எந்தப் பொருளைக் கொடுக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள்.

முந்திரி ஏன் கொட்டையாகவே வருகிறது?

முதல் கேள்விக்கு வருவோம். உலகில் விளையும் முந்திரிக்கொட்டையில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவில் விளைகிறது. ஐவரி கோஸ்ட் முதலிடம். பருப்பை அதிகம் வாங்கும் நாடுகளில் அமெரிக்கா முன்னணியில் நிற்கிறது. ஆனால் கொட்டை நேராக அமெரிக்கா போவதில்லை. வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் வந்து, உடைபட்டு, பருப்பாகிப் போகிறது.

வரிதான் தடை என்று நினைத்துவிடாதீர்கள். முந்திரிப் பருப்புக்கு அகோவாவுக்கு முன்பே அமெரிக்காவில் வரி கிடையாது. எந்த நாடு அனுப்பினாலும் இல்லை. காபிக்கொட்டைக்கும் கோகோ விதைக்கும் அப்படியே. 2025-ன் புதுவரி வரும்வரை இதுதான் நிலைமை. ஆக, வரிச்சலுகை முந்திரி ஆலையைக் கட்டித் தராது.

பிறகு எது தடை? முந்திரி ஆலைக்காரர் மூன்று மாதப் பருவத்தில் ஆண்டு முழுவதற்கும் கொட்டை வாங்கிக் குவிக்க வேண்டும். அதற்குப் பெரிய முதல் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வங்கி வட்டி கழுத்தை நெரிக்கும். மின்சாரம் விட்டுவிட்டு வரும். பண்ருட்டியில் தலைமுறை தலைமுறையாகத் தொலி எடுக்கும் கை அங்கே பழகியிருக்காது. இதற்கு மேல் அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள், பரிசோதனைச் சான்றுகள்.

மொசாம்பிக் நாட்டின் கதை இன்னும் வேதனை. ஒரு காலத்தில் உலக முந்திரியில் முன்னணி நாடு அது. சொந்த ஆலைகள் ஓடின. 1990-களில், கொட்டையைத் தடையின்றி ஏற்றுமதி செய்ய விடுங்கள், விவசாயிக்கு விலை கூடும் என்று உலக வங்கி சொன்னது. ஏற்றுமதி வரியைக் குறைத்தார்கள். கொட்டை கப்பலேறி இந்திய ஆலைகளுக்கு வந்தது. அங்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். விவசாயிக்குக் கூடிய விலையும் சொற்பம்தான்.

அதற்கு நேர் எதிரான வழியையும் சில நாடுகள் முயல்கின்றன. கென்யா 2009-ல் உடைக்காத முந்திரி, மக்கடாமியா ஏற்றுமதியைத் தடை செய்தது. மக்கடாமியா ஆலைகள் பெருகின, அமெரிக்கச் சந்தையும் கிடைத்தது. ஆனால் வாங்குபவர் குறைந்ததால் விலை சரியும்போது, “தடையை நீக்குங்கள்” என்று விவசாயிகளே கேட்கிறார்கள். பெனின் 2024-ல் கொட்டை ஏற்றுமதியை நிறுத்தி, உள்நாட்டிலேயே உடைக்க முனைந்திருக்கிறது. ஆலை மட்டும் வந்தால் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகள் போட்டி போட்டு வாங்கினால்தான் விவசாயி கையில் காசு நிற்கும்.

முதலீடு வந்தால் நல்லதுதானே?

எந்த முதலீடு என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விவசாய முதலீட்டின் பழைய உதாரணம் லைபீரியா. 1926-ல் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி, அந்த நாட்டில் 10 லட்சம் ஏக்கர் வரை எடுத்துக்கொள்ள 99 ஆண்டுக் குத்தகை போட்டது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 6 சென்ட். ரப்பர் மரங்கள் வளர்ந்தன, வேலையும் கிடைத்தது. ஆனால் பால் அங்கே வடிந்தது, டயர் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் உருவானது. நிலம் கொடுத்த நாட்டுக்குக் கூலிதான் மிஞ்சியது.

இன்றைய முதலீடு கொஞ்சம் வேறு முகம் காட்டுகிறது. ஐவரி கோஸ்டின் அபிஜானிலும், கானாவின் தேமாவிலும் அமெரிக்கக் கம்பெனியான கார்கில் கோகோ அரைக்கும் ஆலைகளை வைத்திருக்கிறது. விதையாகப் போகாமல் அரைத்துப் போவது ஒரு படி முன்னேற்றம். அங்கோலாவில் லோபிட்டோ துறைமுகத்திலிருந்து காங்கோ எல்லை வரை செல்லும் சுமார் 1,300 கிலோமீட்டர் ரயில் பாதையைப் புதுப்பிக்க, அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் 55 கோடி டாலருக்கு மேல் கடன் ஒப்புக்கொண்டது. பாதையின் முக்கிய நோக்கம் செம்பும் கோபால்ட்டும் கொண்டுவருவது. அதே ரயிலில் விவசாயியின் மக்காச்சோளமும் ஏறுமா, வழியில் கிடங்கும் குளிர்பதன வசதியும் வருமா என்பதுதான் அங்குள்ள விவசாயிகளுக்கு முக்கியம். 2025 ஜூனில் அதே அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் அமெரிக்க - ஆப்பிரிக்க வணிக மாநாடு நடந்தது. மேடையில் கையெழுத்தாகும் தொகையைவிட, ஸ்டேஷன் பக்கத்தில் நிற்கும் கிடங்குதான் சிறு விவசாயிக்குப் பயன்.

பெயருக்கும் ஒரு விலை

இத்தனைக்கும் நடுவே நிமிர்ந்து நின்ற கதை ஒன்று. எத்தியோப்பியாவின் யிர்காச்செஃபே, சிடாமோ, ஹரார் காபிகளுக்கு உலகம் முழுக்க மவுசு. அமெரிக்கக் கடைகள் அந்தப் பெயரைச் சொல்லியே அதிக விலைக்கு விற்றன. விவசாயிக்குச் சாதாரணக் காபியின் விலை. 2005-ல் எத்தியோப்பிய அரசு அந்த மூன்று பெயர்களையும் அமெரிக்காவிலேயே வணிக முத்திரையாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. அமெரிக்கக் காபி வியாபாரிகள் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸ் கம்பெனியுடன் இழுபறி நடந்தது. 2007-ல் அந்தக் கம்பெனி எத்தியோப்பியாவின் உரிமையை ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு ஏழை நாடு, தன் ஊர்ப் பெயர் தன் சொத்து என்று நிலைநாட்டியது.

ஈரோடு மஞ்சளுக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் நாம் வாங்கி வைத்திருக்கும் புவிசார் குறியீடும் இதே ஆயுதம்தான். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தால் பயனில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்து, மூட்டையிலும் பொட்டலத்திலும் அந்தக் குறியீட்டைப் போட்டு விற்றால்தான் விலை கூடும்.

நாமும் பெரிய வாங்குநர்தான்

ஆப்பிரிக்க விவசாயிக்கு அமெரிக்கா எப்படியோ, சில பயிர்களில் நாமும் அப்படித்தான். 2008-ல் டெல்லியில் நடந்த இந்திய - ஆப்பிரிக்க மாநாட்டில், மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தியா வரிச்சலுகை அறிவித்தது. முந்திரிக்கொட்டையும் அதில் ஒன்று. 2016-ல் மொசாம்பிக் நாட்டோடு துவரைக்கு ஒப்பந்தம் போட்டோம். அங்குள்ள விவசாயிகள் இந்தியாவை நம்பித் துவரை விதைத்தார்கள். மறுவருடம் நம் நாட்டில் துவரை அமோக விளைச்சல். நம் விவசாயிக்கு விலை விழாமல் இருக்க, 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு அளவு கட்டினோம். நமக்கு அது சரியான முடிவு. அங்கே துவரை விலை பாதாளத்துக்குப் போனது. அங்கே அன்றாட உணவில் துவரைக்குப் பெரிய இடம் இல்லாததால், உள்ளூரில் விற்கவும் வழியில்லை.

ஒரே நாட்டை நம்பி, உள்ளூரில் விலைபோகாத பயிரை விதைப்பது, ஒரே கயிற்றில் ஏற்றத்தைக் கட்டுவது போல. கயிறு அறுந்தால் மாடும் போச்சு, தண்ணீரும் போச்சு.

நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

* ஒப்பந்தச் சாகுபடியில் இறங்கும்முன், வாங்குபவர் பின்வாங்கினால் அந்த விளைபொருள் உள்ளூர்ச் சந்தையில் விலைபோகுமா என்று பாருங்கள். போகாது என்றால், மொத்த நிலத்தையும் அதற்கு ஒதுக்காதீர்கள்.

* வாங்குபவர் ஒருவர் மட்டும் என்றால், விலை அவர் சொல்வதுதான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் குறைந்தது இரண்டு, மூன்று வாங்குபவர்களையாவது அழைக்க முடியும்.

* ஏற்றுமதி எண்ணம் இருந்தால், மருந்து தெளித்த தேதி, மருந்தின் பெயர், அளவு, அறுவடை தேதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். வரி போனாலும் வந்தாலும் இந்த நோட்டு இல்லாமல் எந்த நாட்டுக்கும் சரக்கு போகாது.

* ஆலை இல்லாவிட்டாலும் தரம் பிரிக்கலாம், உலர்த்தலாம், பொட்டலமிடலாம். அந்த முதல் படியைக் களத்திலேயே ஏறுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: முந்திரிக்கொட்டையின் தரத்தை வியாபாரி எப்படி முடிவு செய்கிறார்? நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். உலகச் சந்தையில் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பதுதான் கணக்கு. பல மூட்டைகளிலிருந்து கலந்து 1 கிலோ கொட்டை எடுங்கள். எத்தனை கொட்டை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்தால் கொட்டை பருமன் என்று அர்த்தம். எல்லாவற்றையும் இரண்டாக வெட்டி, பருப்பைத் தொலியோடு எடுங்கள். நல்ல பருப்பை முழு எடையாகவும், புள்ளி விழுந்ததைப் பாதி எடையாகவும் சேருங்கள். கெட்டதை விட்டுவிடுங்கள். கிடைத்த கிராமை 80-ஆல் பெருக்கி 453.6-ஆல் வகுத்தால் பவுண்டு கணக்கு வரும்.

272 கிராம் கிடைத்தால் 48 பவுண்டு. 300 கிராம் என்றால் கிட்டத்தட்ட 53 பவுண்டு. வித்தியாசம் மூட்டைக்குச் சுமார் 2.25 கிலோ பருப்பு. பருப்பு கிலோ 700 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 1,600 ரூபாய் அளவுக்கு மதிப்பு மாறுகிறது. இது தெரியாமல் எல்லாக் கொட்டையையும் ஒரே விலைக்குக் கொடுப்பவர்கள்தான் அதிகம். வெட்டும்போது கையுறை போடுங்கள், ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கொட்டை வராமல் தடுத்தால் நமக்கு விலை கூடாதா?

சில மாதங்களுக்குக் கூடலாம். ஆனால் நம் ஆலைகளுக்குத் தேவையான கொட்டையில் பாதியளவுகூட நம் நாட்டில் விளைவதில்லை. கொட்டை இல்லாமல் ஆலை மூடினால், அடுத்த ஆண்டு உங்கள் கொட்டையை வாங்க ஆள் குறைவார்கள். மொசாம்பிக்கில் ஆலை மூடியபின் நடந்தது நினைவிருக்கட்டும். வயதான மரங்களைக் கவாத்து செய்து, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.-3 போன்ற ஒட்டு ரகங்களை நட்டு, ஏக்கர் மகசூலைக் கூட்டுவதுதான் நிலையான வழி.

கேள்வி: இருக்கும் கொட்டையை எப்போது விற்பது?

மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை நம்மைப் போலவே மாசி முதல் வைகாசி வரை. தான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் ஐப்பசிக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே நம் பருவத்தில் சந்தையில் கொட்டை நிறைந்திருக்கும், ஆடி, ஆவணியில் வரத்து குறையும். அவசரப் பணத்தேவை இல்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்காமல், ஒரு பங்கை நிறுத்தி விற்றுப் பார்க்கலாம். விலை நிச்சயம் ஏறும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கொட்டை கெடாமல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் வந்ததும், ஆறவிட்டு, சணல் சாக்கில் கட்டி, மரப்பலகை மேல் சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். சூட்டோடு மூட்டை கட்டினால் பருப்பில் புள்ளி விழும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி உங்கள் ஊரில் இருந்தால், அவசரத்துக்கு அடிமாட்டு விலையில் விற்க வேண்டியதில்லை. கூடக் கண்காணிப்பாளரிடம் விசாரியுங்கள்.